சாப்பாட்டு மேசையில் எங்கள் ஒழுங்கை

"இப்ப எங்க நிக்கிறீர்?" என்று என் கணவர் கேட்டார்.

நான் எங்கேயும் நிற்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்தேன். நின்றுகொண்டிருந்தது என் ஆள்காட்டி விரல்.

"ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில."

"சரி. அங்கயிருந்து நஸீரா வீட்டுக்குப் போம் பாப்பம்."

விரல் மட்டைச் சுவரைத் தடவிக்கொண்டு நகர்ந்தது. ஒரு சின்னச் சட்டைப் பொத்தான் வந்தது. அது டியூசன் வகுப்பின் கேற். பிறகு நீளமாக ஒரு சுவர். அதன் முடிவில் பெரிய கோட்டுப் பொத்தான். அதுதான் நஸீரா வீட்டுக் கேற்.

"வந்திட்டன். பிளேன்ரீயை ஊத்துங்கோ!" என்று மேசையைத் தட்டினேன்.

என் கணவர் சிரித்தார். மகள் துஷி சிரிக்கவில்லை. அவள் சிரிக்காமல் இருப்பதும் எனக்கு நன்றாகக் கேட்கும்.

இந்தத் தொடரைப் புதிதாகப் பிடித்தவர்களுக்கு இரண்டு வரி. நான் ஓய்வுபெற்ற சங்கீத ஆசிரியை. கண் அழுத்தம் வந்து பார்வை போய்விட்டது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் பிளாட் இருக்கிறது. அந்த ஒழுங்கை முழுவதையும் என் கணவர் சுருக்கிச் சாப்பாட்டு மேசையில் கிடத்தியிருந்தார். அதனால் நாங்கள் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம். குழம்பு எத்தனை தரம் சீலையில் சிந்தியது என்று கேட்காதீர்கள்.

ரொறன்ரோவில் இருந்து வந்த தீர்ப்பு

மேசை இப்படிப் பறிபோனதற்குக் காரணம் துஷி. விடுமுறைக்கு வந்த இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள்.

"அம்மா, திரும்பிப் போகேக்கை ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டுதான் போவன். இனி இஞ்ச இருக்க ஏலாது."

"ஏனாம்?"

"ஏனோ? கழிவுத்தண்ணிக் கானுக்குள்ள விழுந்து முழங்கால் வெடிச்சதை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. நஸீரா அன்ரி சொல்லித்தான் தெரியும். அப்பா எத்தினை நாளைக்கு உங்களைக் கையில பிடிச்சுக்கொண்டு திரியப்போறார்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அங்க கொண்டுபோய் என்ன செய்வாய்? ஜன்னலுக்குப் பக்கத்தில பூச்சாடி மாதிரி வைச்சுத் தண்ணி ஊத்துவாயோ?" என்று கத்தினேன். பிறகு இரண்டு பேரும் அழுதோம். எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் அப்படித்தான் முடியும்.

அழுது முடிந்ததும் உடன்பாடு ஒன்றுக்கு வந்தோம். நஸீரா என்னோடு படிப்பித்தவர். பின்னேரங்களில் அவர் வீட்டில் போயிருந்து பால் விடாத பிளேன்ரீ குடிப்பதுதான் என் வெளியுலகம். அந்த வீடு வரைக்கும் நான் தனியாக, ஒரு கையும் பிடிக்காமல் போய்க் காட்டவேண்டும். துஷி நஸீரா வீட்டு வாசலில் நிற்பாள், ஆனால் வாய் திறக்கக்கூடாது. சரியான கேற்றில் போய் நின்றால் நான் வெள்ளவத்தையில். பிழையான கேற்றில் நின்றால் ரொறன்ரோவில்.

"ரோட்டைக் கடக்கிறேல்லை. தொடக்கத்திலயிருந்து கடைசி வரைக்கும் ஒரே பக்கம்" என்று துஷி சட்டம் போட்டாள்.

உடனே என் கணவர் குறுக்கே வந்தார். "அது சரிவராது. அந்தப் பக்கத்தில ஒரு நாய் இருக்கு."

உண்மைதான். அவர் என் கையைப் பிடித்து நஸீரா வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது, டியூசன் வகுப்பு தாண்டியதும் எதிர்ப்பக்கம் கடந்து, கொஞ்சத் தூரம் போய் மறுபடியும் இந்தப் பக்கம் வருவார். கேட்டால் நாய் என்பார்.

"நாயெண்டா வீட்டுக்காரரோட நான் போய்க் கதைக்கிறன். கட்டி வைக்கச் சொல்லலாம்தானே?" என்றாள் துஷி.

"இல்லையில்லை, போகாதை. அவை நாயை ஆருக்கோ குடுத்திட்டினம் எண்டு கேள்வி."

ஒரே மூச்சில் இருந்த நாய் இல்லாமல் போனது. நான் அதைக் கவனிக்கவில்லை. என் கவலை எல்லாம் ரொறன்ரோப் பனியில்.

"மல்லி, கந்த கோ?"

என் கணவர் படவரைஞராக வேலை பார்த்தவர். நில அளவைக் கந்தோரில் புடைப்பு வரைபடம் செய்யும் பகுதியில் நெடுங்காலம் இருந்தார். புடைப்பு வரைபடம் என்றால் மலையும் பள்ளமும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடியதாக எழும்பி நிற்கும் படம். சம உயரக் கோடுகளின்படி மட்டை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக ரொட்டி போல அடுக்கி, மேலே சாந்து பூசுவார்கள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முழு இலங்கையையும் ஒரு மேசை அளவில் செய்யச் சொன்னார்களாம். ஆள் சத்தியவான். நீள அகலத்துக்கு எந்த அளவோ, உயரத்துக்கும் அதே அளவு என்று கணக்காகச் செய்து முடித்தார். பெரிய சேர் வந்து பார்த்தார். குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"மல்லி, கந்த கோ?" என்று கேட்டாராம். தம்பி, மலை எங்கே?

மலை இருந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலை அந்த மேசையில் ஒரு கடலைப்பருப்பு உயரத்துக்கு இருந்தது. உள்ளபடி சுருக்கினால் அவ்வளவுதான் வரும். மற்ற இடமெல்லாம் தோசைக்கல் போல வழுவழு என்று கிடந்தது.

அதன்பிறகு உயரத்துக்கு மட்டும் வேறு அளவு வைத்து, ஐந்து மடங்கு தூக்கிச் செய்தார்கள். அப்போதுதான் மலை மலையாகத் தெரிந்தது. இவருக்கு மனம் கேட்கவில்லை. "உயரத்தின் அளவு வேறு" என்று படத்தின் மூலையில் தனியாக எழுதிவைத்த பிறகுதான் அன்றைக்குச் சாப்பிட்டாராம். கலியாணம் கட்டின காலந்தொட்டு இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

வாட்ஸ்அப்பில் வந்த கலியாணக் காட்

இப்படி அளவு பார்க்கிற மனிசன் கோபத்திலும் அளவு பார்ப்பார் என்றுதான் நினைப்பீர்கள். அதுதான் இல்லை.

எனக்கு ஒரே ஒரு அக்கா, தேவியக்கா. அத்தான் காலமான பிறகும் கொட்டாஞ்சேனையில்தான் இருந்தாள். நான் படிப்பித்த பள்ளிக்கூடமும் அங்கேதான். மத்தியானச் சாப்பாடு பெரும்பாலும் அக்கா வீட்டில். அவளுடைய கணவாய்க் கறிக்காகவே நான் இடமாற்றம் கேட்காமல் இருந்தேன் என்று பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்கள்.

சில வருடங்களுக்கு முன்னர் அவளின் மகனுக்குக் கலியாணம். எங்கள் ஆட்களில் காட் கொண்டுபோய் நேரில் கொடுத்து, வாய் திறந்து அழைக்கவேண்டும். சொந்தத் தங்கை வீடென்றால் கேட்கவே வேண்டாம். அக்கா தனியாள், அலைச்சல். மகன்காரன் "நான் அனுப்பிவிடுறன்" என்று என் கணவரின் போனுக்கு வாட்ஸ்அப்பில் காட்டை அனுப்பிவிட்டான்.

"சந்தைக்கடைக்காரனுக்கும் இதைத்தான் அனுப்பியிருப்பினம்!" என்று இவர் குதித்தார். கலியாணத்துக்கு நாங்கள் போகவில்லை. நாங்கள் வரவில்லை என்று அக்கா கோபித்தாள். அதோடு கதை பேச்சு நின்றது. எனக்குக் கண் போனபோது அக்கா வருவாள் என்று வாசலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. எனக்கும் ரோசம் வந்துவிட்டது.

ஒரு சாணுக்கு ஒரு பாட்டு

மேசைக்கு வருவோம். தாருக்கு சாண்ட்பேப்பர், சுவருக்கு மட்டை, கேற்றுக்குப் பொத்தான், ட்ரான்ஸ்போமருக்குச் சோடாப் போத்தல் மூடி, பிளாட்களுக்கு டீவிப் பெட்டிக்குள் வரும் வெள்ளை ரிஜிபோம். ரோட்டில் இரண்டு மீற்றர், மேசையில் ஒரு சென்ரிமீற்றர்.

முதல் நாள் தடவிப் பார்த்துவிட்டு, "ரோட்டுக்கரைக் கட்டு எங்க?" என்று கேட்டேன்.

"இருக்கு, வடிவாத் தடவிப் பாரும். ஸ்கேலுக்கு ஒரு மில்லிமீற்றரும் வராது."

"மல்லி, கந்த கோ?" என்றேன்.

துஷி வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். இவர் நெருப்புக்குச்சிகளை எடுத்துவந்து கட்டுக்கு ஒட்டினார். பிளாட்களின் மேல்மாடிகளை வெட்டி எறிந்தார். அவை என் கையை இடித்துக்கொண்டேயிருந்தன. நடக்கிறவளுக்குக் கீழ்மாடி போதும். கான்மூடிகளைக் கொஞ்சம் தூக்கிவைத்தார். எனக்கு எது முக்கியமோ அது உயர்ந்தது, முக்கியமில்லாதது பதிந்தது.

அதில் ஒரு வில்லங்கமும் வந்தது. ட்ரான்ஸ்போமர் வரைக்கும் அவரோடு ஒத்திகை நடந்தபோது, விரல் சொன்ன உயரத்தை நம்பிக் காலைத் தூக்கி வைத்தேன். கட்டு அவ்வளவு உயரமில்லை. படியில்லாத இடத்தில் படி ஏறினவள் போலக் குலுங்கினேன். விரலுக்கு ஒரு அளவு, காலுக்கு ஒரு அளவு என்று மனதில் பிரித்து வைக்கச் சில நாட்கள் எடுத்தன.

தூரம் அதைவிடக் கரைச்சல். மேசையில் விரல் ஒரு நொடியில் போகிற இடத்துக்குக் கால் எவ்வளவு நேரம் போகும்? அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். மேசையில் ஒரு சாண் தூரம் என்றால், ரோட்டில் நான் பிரம்பு தட்டி நடக்கையில் மனதுக்குள் ஒரு தேவாரம் ஆறுதலாகப் பாடி முடிகிற தூரம். தாளம் தவறினால் என் மாணவிகளை நான் படுத்திய பாடு அவர்களுக்குத் தெரியும். தாளத்தில் நான் பிழைவிடமாட்டேன்.

நஸீரா வீடு ஐந்து சாண். ஐந்து பாட்டு.

முடியாத ஐந்தாம் பாட்டு

அன்றைக்குப் பின்னேரம் வெயில் தாழ்ந்திருந்தது. துஷி முன்னமே நஸீரா வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் எங்கள் கேற்றடியில் நின்று, "கவனம்" என்றார். பிறகு, "சுவரோட சுவராப் போம்" என்றார். பிறகு, "பாட்டை மட்டும் நம்பும்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன்.

பிரம்பு சுவரில் டொக் டொக் என்றது. இரும்புக் கேற்றில் பட்டதும் கிணீர் என்றது. யாரோ வீட்டில் சுண்டலுக்குக் கடுகு வெடித்தது. கடல் காற்று நேராக முகத்தில் அடித்தது. கான்மூடிகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன.

த்ரீவீலர்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து, "அம்மே, கொஹேத யன்னே?" என்று கேட்டார். தனியாக எங்கே போகிறேன் என்று அவருக்குக் கவலை.

"லங்கய் புத்தே" என்றேன். கிட்டத்தான் மகனே. அவரோடு கதைத்த நேரத்துக்குப் பாட்டை நிறுத்தி வைத்திருந்துவிட்டு, விட்ட அடியிலிருந்து தொடங்கினேன்.

ட்ரான்ஸ்போமர் இரைந்தது. நாலாம் பாட்டு முடிந்தது. டியூசன் வகுப்புப் பிள்ளைகள் ஒரே குரலில் ஏதோ பாடமாக்கினார்கள். அந்தக் கேற் கிணீர் என்றது. இனி ஒரு நீளச் சுவர், அதன்பிறகு நஸீரா.

பிரம்பு அடுத்த கேற்றில் பட்டது.

நான் நின்றுவிட்டேன். ஐந்தாம் பாட்டில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

பாட்டை நம்புவதா, படத்தை நம்புவதா? படத்தின்படி டியூசனுக்கு அடுத்த கேற் நஸீரா வீடு. அதைச் செய்தவரோ கடலைப்பருப்பு மலைக்காகச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தவர். பயத்தில் நான்தான் பாட்டை இழுத்துவிட்டேன் என்று முடிவு செய்தேன். கையால் தடவி மணியை அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் அந்த நாயின் நினைவு வந்தது. பிரம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. வலது காலை லேசாக இழுத்து நடக்கும் சத்தம். கேற் திறந்தது. பழகின சந்தன சோப்பு வாசம் வந்தது.

"நாயைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றேன் பயத்தில்.

"என்ன நாய்? இஞ்ச நான் மட்டும்தான் இருக்கிறன், பிள்ளை."

தேவியக்கா!

என் பிரம்பு விழுந்த சத்தம் கேட்டது. அடுத்த கணம் நான் அவளின் தோளில் கிடந்தேன். முன்பு எவ்வளவு தடித்த தோள், இப்போது எலும்பாக இருந்தது. "எடியே, எடியே" என்று என் முதுகைத் தடவினாள். மகன் லண்டனுக்குப் போனபிறகு கொட்டாஞ்சேனை வீட்டை விட்டுவிட்டு, இந்த வளவை இரண்டாகப் பிரித்துப் புதுக் கேற் வைத்தபோது வாடகைக்கு வந்தாளாம்.

"உனக்குக் கிட்ட இருக்கலாமெண்டுதான் வந்தனான். வந்திட்டு உன்ர வாசலுக்கு வர எனக்குக் கால் எழும்பேல்லை. நீ போய் வாறதைக் கேற்றுக்குள்ளால பாத்துக்கொண்டு நிப்பன். உன்ர மனிசன் என்னைக் கண்டதும் ரோட்டைக் கடப்பார்."

எனக்கு நாய் விளங்கியது.

மொத்த நீளம் சரி

"அம்மா!" துஷி ஓடி வந்தாள். "அம்மா, பிழையான கேற். ஒரு வீடு முந்தி நிண்டிட்டீங்கள்." குரலில் வெற்றியில்லை, அழுகைதான் இருந்தது. பிறகுதான் என்னைப் பிடித்திருப்பது யார் என்று கண்டாள். "பெரியம்மாவோ? பெரியம்மா இஞ்ச என்ன செய்யிறா?"

பின்னால் நஸீரா. "டீச்சர், ஒங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் பேசாம ஈக்கிறீங்க எண்டு நெனச்சேனே. குடும்ப வெசயம், நாம எப்பிடி வாயத் தொறக்கிறது?"

ஒழுங்கை முழுக்க அப்படித்தான் நினைத்திருக்கிறது. எல்லாரும் மரியாதைக்குப் பேசாமல் இருந்ததில் என் அக்கா என் கூப்பிடுதூரத்தில் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறாள்.

வீட்டுக்குப் போனோம். அக்கா வரவில்லை. அழைக்காத வீட்டுக்கு வரமாட்டாளாம். துஷி மேசையைப் பார்த்தாள். போனில் எடுத்துவந்த ஒழுங்கைப் படத்தையும் பார்த்தாள்.

"அப்பா, டியூசனுக்கும் நஸீரா அன்ரிக்கும் நடுவில இருக்கிற வீடு எங்க?"

இவர் தொண்டையைக் கனைத்தார். "மொத்த நீளம் சரி."

"நான் மொத்த நீளத்தைக் கேக்கேல்லை."

"ரெண்டு பக்கத்துச் சுவரையும் கொஞ்சம் இழுத்து விட்டனான். ஆனா நஸீரா வீடு இருக்கவேண்டிய இடத்திலதான் இருக்கு. அதாலதான் பாட்டை மட்டும் நம்பும் எண்டு சொன்னனான்."

"கடலைப்பருப்புக்கு மூலையில எழுதி வைச்ச மனிசன்!" என்று நான் வெடித்தேன். "நாட்டின்ர மலையில அரை அங்குலம் கூட்ட மனம் வராத உங்களுக்கு, என்ர அக்காவை முழுசாத் துடைக்க எப்பிடி மனம் வந்தது?"

துஷி குறுக்கே வந்தாள்.

"அம்மா, பாட்டு முடியேல்லை எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

"ஓம். பாதி கிடந்தது. உன்ர கொப்பரை நம்பினதாலதான் நிண்டனான்."

"அந்தப் பாதியையும் பாடி நடந்திருந்தா?"

"நஸீரா வீடு."

துஷி என் கையைப் பிடித்தாள். "அப்ப அம்மா பிழை விடேல்லை. அப்பாவின்ர படம்தான் பிழை. நான் தனியத்தான் திரும்பிப் போறன். நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சயே இருந்து சண்டை பிடியுங்கோ."

அப்பாடா! அந்த ஒரு சொல்லை எத்தனை வாரங்களாக நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்தேன். கதிரையில் சாய்ந்து காலை நீட்டினேன். ரொறன்ரோ போனது, பனி போனது, ஜன்னலோரப் பூச்சாடி போனது. அக்கா கிடைத்தாள். ஒரே பின்னேரத்தில் இவ்வளவும் நடந்தது.

கோபம் ஆறின பிறகு, "அக்காவைச் சாப்பிடக் கூப்பிடோணும்" என்றேன்.

"நம்பர் வாங்கியிருக்கிறன். இப்பவே வாட்ஸ்அப்பில ஒரு மெசேஜ் போடுறன்" என்றாள் துஷி.

"மெசேஜிலயோ?" இவர் பாய்ந்தார். "சொந்தத் தமக்கையை அழைக்கிறதெண்டா நேரில போய், வாய் திறந்து..."

பாதியில் நின்றுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அலுமாரி திறந்தது. மடிப்புக் குலையாத சேட் ஒன்றை அவர் உதறிப் போடும் சத்தம் கேட்டது. செருப்பு மாட்டினார். கேற்றைச் சாத்திக்கொண்டு போனார்.

நான் மனதுக்குள் பாட்டைத் தொடங்கினேன். அவர் நடைக்குப் போய்வர ஐந்து பாட்டே அதிகம். ஒரு கச்சேரி முடிகிற நேரமாகியும் ஆள் வரவில்லை. வந்தபோது அவரில் கணவாய்க் கறி மணத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையில் மறுபடி பசை நாறியது. "தடவிப் பாரும்" என்றார்.

விரலை ட்ரான்ஸ்போமரிலிருந்து நகர்த்தினேன். டியூசன் பொத்தான். பிறகு சுவர், இந்த முறை குட்டைச் சுவர். அதன்பிறகு என் கை ஏதோ ஒன்றில் நேராகப் போய் முட்டியது. தடவினேன், ஏறிக்கொண்டே போனது. ஒழுங்கையில் இருந்த அத்தனை பிளாட்டையும் விட உயரம்.

"என்ன இது, மலையோ?"

"தேவி மச்சாள் வீடு."

"அது மாடியில்லாத கீழ்வீடுதானே? ஸ்கேலுக்கு இல்லையே."

"இல்லைத்தான்" என்றார். "உயரத்தின்ர அளவு வேற எண்டு மூலையில எழுதியிருக்கிறன்."

மத்தியானம் அக்கா சாப்பிட வந்தாள். மேசையில் இடமில்லாததால், நாலு பேரும் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிட்டோம்.